மனிதக் கடத்தல் ஆவணப்படங்கள்: கேமராவுக்குத் தெரிவதும் தெரியாததும்

மனிதக் கடத்தலைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு வரும் முதல் சிக்கல், அங்கே படமெடுக்க ஒன்றுமே இருக்காது என்பதுதான். ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒருவர் படகில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார். ஓர் இளைஞர் கணினி முன்னால் மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். பார்ப்பதற்கு எல்லாம் வேலைதான். குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட் முதலாளியம்மாவின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. வலையோடு உட்கார்ந்திருப்பவர் தலையில் ஏஜென்ட் கட்டிவிட்ட கடன், மாதாமாதம் உழைத்தும் குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது. ஓடிப்போனால் ஊரில் யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பதை அந்த இளைஞரிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. பூட்டிய பீரோவும் கடன் கணக்கும் மிரட்டலும் லென்ஸில் விழாது.

அதனால் பலரும் கண்ணுக்குத் தெரிகிற எதையாவது தேடிப் போய்விடுகிறார்கள். கயிற்றால் கட்டிய மணிக்கட்டு, வாயைப் பொத்தும் ஒரு கை, இருட்டறை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிறுமி, பின்னணியில் சோகமாக ஒரு வயலின். இப்படிப்பட்ட படங்கள் பார்ப்பவரை உலுக்கத்தான் செய்கின்றன. ஆனால் உலுக்கப்பட்டவர் வெளியே வந்து எதைத் தேடுவார்? கயிற்றைத் தேடுவார். அது எங்கும் கிடைக்காது. பக்கத்து வீட்டில் வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் பெண்ணைத் தினமும் கடந்து போய்க்கொண்டே இருப்பார். இந்த ஆவணப்படங்களை எடைபோட என்னிடம் இரண்டே கேள்விகள்தான் உண்டு. பார்த்து முடித்தவருக்கு எதை அடையாளம் காணத் தெரிந்திருக்கிறது? படத்தில் பேசியவர், படம் வெளியான பிறகு எப்படி இருக்கிறார்?

சட்டம் சொல்வது ஒன்று, போஸ்டர் சொல்வது ஒன்று

இன்று பெரும்பாலான நாடுகளின் சட்டங்களுக்கு அடிப்படையாக இருப்பது, 2000 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பலேர்மோ நெறிமுறை. 2003 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி மனிதக் கடத்தலில் மூன்று கூறுகள் இருக்க வேண்டும். ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, இன்னொருவரிடம் ஒப்படைப்பது, ஒளித்துத் தங்கவைப்பது ஆகியவை செயல். பலாத்காரம், மிரட்டல், ஏமாற்று, ஒருவரின் இக்கட்டான நிலையைச் சாதகமாக்கிக்கொள்வது ஆகியவை வழிமுறை. சுரண்டல்தான் நோக்கம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே இருந்தால் வழிமுறையை நிரூபிக்கவே தேவையில்லை. இந்த வரையறையில் எல்லை தாண்டுவது ஒரு நிபந்தனையே அல்ல. சொந்த ஊரில் சொந்தத் தெருவில் இருந்துகொண்டே ஒருவர் கடத்தலுக்கு ஆளாகலாம். காசு வாங்கிக்கொண்டு ஒருவரைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டிவிடுவது தனிக் குற்றம், அதற்கு ஐ.நா.வில் தனி நெறிமுறையே இருக்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பாத படத்தைப் பார்த்தால் எனக்குப் பாதி நிம்மதி.

அடுத்து, யார் எங்கே சுரண்டப்படுகிறார்கள் என்ற கணக்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வாக் ஃப்ரீ என்ற மனித உரிமை அமைப்பு, சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய ஆண்டில் உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். பாலியல் சுரண்டலில் இருந்தவர்கள் 63 லட்சம். தனியார் துறையின் மற்ற வேலைகளில், அதாவது வீட்டு வேலை, கட்டுமானம், விவசாயம், மீன்பிடி, தொழிற்சாலை போன்றவற்றில், 1.73 கோடிப் பேர். மீதிப் பேரை வேலை வாங்கியவை அரசுகளே. இவர்கள் அத்தனை பேரும் கடத்தப்பட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டு குற்றங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. போதைப்பொருள் மற்றும் குற்றங்களுக்கான ஐ.நா. அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையிலும் இதே சாயல்தான்: 2022இல் கண்டறியப்பட்ட கடத்தல்களில் கட்டாய உழைப்புக்கானவை 42 சதவீதம், பாலியல் சுரண்டலுக்கானவை 36 சதவீதம். எடுக்கப்படும் படங்களை மட்டும் வைத்து ஒருவர் உலகத்தைக் கணித்தால், இந்த விகிதம் தலைகீழாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

போஸ்டரில் வராத இன்னும் இரண்டு தகவல்கள். சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு, உதவி நாடி வந்தவர்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, நாடு விட்டு நாடு நடந்த கடத்தல் பயணங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் விமான நிலையம், சோதனைச் சாவடி போன்ற அதிகாரப்பூர்வ வழிகளிலேயே நடந்திருந்தது. முத்திரை குத்தி, கையசைத்து அனுப்பப்பட்ட பயணங்கள். இன்னொன்று, குழந்தைகள் கடத்தப்பட்டதில் கிட்டத்தட்ட பாதி வழக்குகளில் குடும்பத்தைச் சேர்ந்த யாரோ ஒருவருக்குத் தொடர்பு இருந்தது. வேனில் வந்து தூக்கிப்போகும் முகமூடி ஆசாமியைக் காட்டுவது சுலபம். சித்தப்பாவின் சிநேகிதர் வேலை வாங்கித் தருகிறேன் என்று சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து பேசுவதைப் படமெடுப்பது கஷ்டம். அங்கே கேமரா இருக்காது, இருந்தாலும் பார்ப்பவருக்கு அதில் குற்றம் தெரியாது.

ஒரு வீடு, ஒரு முகம்

தெரியாத அந்த விஷயத்தைக் காட்டவே முடியாது என்பதில்லை. ஹங்கேரியைச் சேர்ந்த பெர்னடெட் டூசா-ரிட்டரின் 'அ வுமன் கேப்சர்ட்' 2017இல் வெளிவந்தது. ஐம்பது வயதைச் சற்றே கடந்த ஒரு பெண், பத்து வருடங்களுக்கும் மேலாக ஒரு குடும்பத்துக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார். இரவில் தொழிற்சாலையில் துப்புரவு வேலை, அந்தக் கூலி முழுவதும் வீட்டு எஜமானியின் கைக்குப் போகிறது. பகலில் வீட்டு வேலை. படுக்க ஒரு சோபா. அவர் பெயரில் எஜமானி கடனும் வாங்கியிருக்கிறார். சங்கிலி எதுவும் கிடையாது, கதவு திறந்துதான் இருக்கிறது. தினமும் வெளியே போய்விட்டுத் திரும்பியும் வருகிறார். அப்புறம் ஏன் தப்பிப் போகவில்லை என்ற கேள்வி பார்ப்பவருக்கு முதல் பத்து நிமிடத்திலேயே வந்துவிடும். மீதிப் படம் முழுக்க அதற்கான பதில்தான்.

டூசா-ரிட்டர் தனியாளாகப் படமெடுத்தார். கேமரா பெரும்பாலும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. எழுபதைத் தாண்டியவரோ என்று நினைக்க வைக்கும் சுருக்கங்கள், புகைபிடிக்கும்போது மட்டும் கொஞ்சம் தளரும் வாய். எஜமானியின் முகம் ஒருபோதும் வராது. அவர் குரல் மட்டும் வரும், அலங்கரித்த நகங்களோடு கை வரும். அதட்டல், ஒரு கேலி, உடனே ஒரு வேலை ஏவல். இந்த மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, எதிர்த்துப் பேசும் பழக்கமே ஒருவரிடமிருந்து எப்படி உருவப்படுகிறது என்று விளங்கிவிடுகிறது. நிபுணர் யாரும் வந்து விளக்கவில்லை, புள்ளிவிவரத்தைத் திரையில் ஓடவிடவில்லை.

ஆனால் இந்தப் படத்துக்குள் ஒரு முள்ளும் இருக்கிறது. வீட்டுக்குள் கேமராவை அனுமதிப்பதற்காக எஜமானிக்குப் பணம் கொடுக்கப்பட்டது. அடிமைப்படுத்தியவருக்கே காசு கொடுத்து அடிமைத்தனத்தைப் படமெடுப்பது சரியா? சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. பணம் தராதிருந்தால் அந்த வீட்டுக்குள் நுழைய வழியே இருந்திருக்காது என்பதும் உண்மை. படமெடுக்கத் தொடங்கி ஒன்றரை வருடத்துக்கும் பிறகு அந்தப் பெண் ஓர் இரவில் வெளியேறுகிறார், இயக்குநர் கூடவே போகிறார். வெறுமனே பார்ப்பவராக இருக்கும் எல்லையை இயக்குநர் அங்கே கடந்துவிடுகிறார், அதைப் படத்திலும் மறைக்கவில்லை. கேமராவை வைத்துக்கொண்டு ஒருவர் முதல்முறையாகத் தன்னைக் கவனிக்கிறார் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தைரியம் கொடுத்திருக்கலாம். அதை நம்பி இதையே ஒரு வழிமுறையாக்கிக்கொள்ள முடியாது. எதிர்பாராமல் நல்லபடியாக முடிந்த ஒரு விஷயம் அது.

விற்பவர்களின் மரியாதை

ரகசிய கேமரா இந்தத் துறையில் பழக்கமான ஆயுதம். பல நேரங்களில் அதைத் தேவையில்லாமல் எடுக்கிறார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணையே அவருக்குத் தெரியாமல் படமெடுத்துவிட்டு, முகத்தை மங்கலாக்கிவிட்டோமே என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. கேமரா யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது நியாயமாகிறது.

2019 அக்டோபரில் பிபிசி அரபி பிரிவு வெளியிட்ட ஒரு புலனாய்வுப் படம் கேமராவைச் சரியான பக்கம் திருப்பியது. இரண்டு செய்தியாளர்கள் குவைத்துக்குப் புதிதாகக் குடிவந்த தம்பதியைப் போல நடித்து, வீட்டுப் பணிப்பெண்களை 'விற்கும்' விளம்பரங்களைச் செயலிகளில் தேடினார்கள். 57 பேரிடம் பேசினார்கள். ஒரு செயலியில் பெண்களை இனவாரியாகப் பிரித்துத் தேடவே வசதி இருந்தது. பழைய சாமான் விற்கும் பக்கத்தில் விலைக்கு ஏற்பத் தேடுவதைப் போலத்தான் அதுவும். பேசியவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் தந்த ஆலோசனை ஒன்றுதான்: பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெளியே விடாதீர்கள், லீவு கொடுக்காதீர்கள், போன் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தில் என்னை உறைய வைத்தது விற்பவர்களின் மரியாதைதான். வரவேற்பறையில் உட்காரவைத்துச் சிரித்துப் பேசுகிறார்கள். விற்பவர் கெட்ட ஆளாகத் தோற்றமளித்திருந்தால் பார்ப்பவர் தப்பித்துக்கொள்ளலாம், நான் அப்படி இல்லையே என்று. இவர்கள் நம்மைப் போலவே இருக்கிறார்கள். செய்தியாளர்களுக்கு விற்க முன்வந்தவர்களில் கினி நாட்டைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியும் ஒருவர். குவைத்தில் வீட்டு வேலைக்கு வருபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சிறுமி பிறகு அரசுக் காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். படக்குழுவினர் கினிக்கே போய் அவரைச் சந்தித்தார்கள். ஒளிபரப்பானதோடு கடையைக் கட்டாமல், ஆள் என்ன ஆனார் என்று பின்தொடர்ந்து போனது பெரிய விஷயம். அந்தச் செயலி பணிப்பெண்களுக்கான பிரிவை நீக்கியது.

ஒப்புதல் எத்தனை முறை?

உலக சுகாதார நிறுவனம் 2003இல், கடத்தப்பட்ட பெண்களைப் பேட்டி காண்பவர்களுக்காகப் பத்து வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஆராய்ச்சியாளர்கள், செய்தியாளர்கள், அதிகாரிகள் எல்லோருக்கும் அது பொருந்தும். முதல் விதி, தீங்கு செய்யாதே. ஆபத்து இல்லை என்று உறுதியாகத் தெரியும்வரை, ஒவ்வொரு பெண்ணுக்கும் உச்சகட்ட ஆபத்து இருப்பதாகவே வைத்துக்கொள் என்கிறது அந்த விதியின் விளக்கம். அவசர உதவிக்குத் தயாராக இருக்க வேண்டும், பழைய காயத்தைக் கிளறிவிடக் கூடாது, திரட்டிய தகவலை நல்லதற்குப் பயன்படுத்த வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எளிமையான விதிகள்தான், கடைப்பிடிப்பதில்தான் கஷ்டம்.

காப்பகத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம் காப்பகத்தின் நிர்வாகியே ஒப்புதல் கடிதத்தை நீட்டினால், அவரால் மறுக்க முடியுமா? தங்க இடமும் வக்கீலும் கொடுத்தவர்கள் கேட்கிறார்கள், எப்படி மாட்டேன் என்பார்? அந்தக் கையெழுத்து சட்டப்படி செல்லும். ஆனால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. இன்னொன்று, இன்று இருக்கும் நிலையை வைத்துத்தான் அவர் கையெழுத்துப் போடுகிறார். ஐந்து வருடம் கழித்து அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம். வேலைக்கு எடுத்தவர் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் யாரோ அந்தக் காணொலியைப் பார்த்துவிடலாம். திரைப்பட விழாவில் இரண்டு முறை காட்டப்படும் படத்துக்குக் கொடுத்த சம்மதம், போனில் துண்டு துண்டாகச் சுற்றும் காட்சிகளுக்குப் பொருந்தாது. பொறுப்பான குழுக்கள் பேட்டிக்கு முன்பும், எடிட்டிங் முடிந்து காட்டிய பிறகும், வெளியீட்டுக்கு முன்பும் மறுபடி மறுபடி கேட்கிறார்கள். வேண்டாம் என்று கடைசி நேரத்தில் சொன்னாலும் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள். தயாரிப்பாளருக்கு வயிற்றெரிச்சல்தான், என்ன செய்வது?

வழக்கு நடந்துகொண்டிருந்தால் விஷயம் இன்னும் நுட்பமானது. காவல்துறையிடம் சொன்னதற்கும் கேமரா முன்னால் சொன்னதற்கும் தேதியிலோ வரிசையிலோ சின்ன வித்தியாசம் இருந்தால் போதும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் காட்சியையே எடுத்து வைத்துக்கொண்டு சாட்சியைப் பொய்யராக்கப் பார்ப்பார். பெரும் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களின் நினைவு வரிசையாக வராது என்பதை நீதிமன்றத்தில் புரியவைப்பது சுலபமில்லை.

முகத்தை மறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. முகத்தை மங்கலாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. தெரிந்தவர்கள் முகத்தைப் பார்த்து மட்டுமா அடையாளம் காண்கிறார்கள்? குரலை வைத்து, கையை ஆட்டிப் பேசும் விதத்தை வைத்து, முன்கையில் இருக்கும் தழும்பை வைத்து, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடத்தை வைத்தும் கண்டுபிடித்துவிடுவார்கள். மங்கலான முகத்துக்கு இன்னொரு குறையும் உண்டு, பேசுபவரே குற்றவாளி என்பதைப் போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. இதற்கு மாற்றாகச் சிலர் அனிமேஷனுக்குப் போகிறார்கள். வேறொரு வழியும் உண்டு: ரஷ்யாவின் செச்னியாவில் வேட்டையாடப்பட்ட தன்பாலின ஈர்ப்பாளர்களைப் பற்றி 2020இல் டேவிட் ஃபிரான்ஸ் எடுத்த படத்தில், தன்னார்வலர்களின் முகங்களைக் கணினி மூலம் பேசுபவர்கள் மீது பொருத்தினார்கள். கண்ணீரும் முகச்சுளிப்பும் உண்மையானவை, முகம் மட்டும் வேறொருவருடையது. கடத்தல் பற்றிய படமில்லை என்றாலும் இந்த நுட்பம் அப்படியே இங்கே பயன்படும்.

செக் நாட்டில் 2020இல் வெளிவந்த 'காட் இன் தி நெட்' படத்தின் வழி வேறு. இணையத்தில் சிறுமிகளை வளைக்கும் ஆண்களைக் காட்ட வேண்டும், ஆனால் எந்தச் சிறுமியையும் கேமரா முன் நிறுத்தக் கூடாது. வயது வந்த மூன்று நடிகைகளை 12 வயதுப் பெண்களாக நடிக்கவைத்து, ஸ்டூடியோவுக்குள் மூன்று சிறுமிகளின் படுக்கையறைகளைக் கட்டினார்கள். பத்து நாட்களில் 2,458 ஆண்கள் தொடர்புகொண்டார்கள். திரையில் அந்த ஆண்களின் முகம் மங்கலாக்கப்பட்டிருக்கும், கண்ணும் வாயும் மட்டும் தெளிவாகத் தெரியும். கேமரா, ஒருமுறையாவது, தாக்கப்படுபவரை விட்டுவிட்டுத் தாக்குகிறவரை முழுநேரமும் பார்க்கிறது. காவல்துறை விசாரணைகளும் தொடர்ந்தன.

அழுத்தமான கதை வேண்டும் என்று கேட்பவர்கள்

படக்குழு ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்து, நன்றாகப் பேசக்கூடிய ஒருவர் கிடைப்பாரா என்று கேட்கிறது. நிறுவனத்துக்கும் நன்கொடை வேண்டும். அங்கிருந்து ஒரு சந்தை உருவாகிவிடுகிறது. அதிகம் கொடுமை அனுபவித்தவர், இளையவர், சரளமாக அழுபவர் முன்னால் நிறுத்தப்படுகிறார்.

இதன் எல்லை எதுவரை போகும் என்பதற்குக் கம்போடியாவின் சோமாலி மாம் விவகாரத்தைப் பார்க்கலாம். பாலியல் கடத்தலுக்கு எதிரான முகமாக உலகெங்கும் கொண்டாடப்பட்டவர் அவர். 1998இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அவர் பணியைப் பற்றி வந்த ஒரு நிகழ்ச்சியில் கடத்தப்பட்டவராகப் பேசிய ஒரு சிறுமி, பல வருடங்கள் கழித்து, தன்னைத் தேர்வு வைத்து எடுத்துச் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள் என்றார். 2014 மே மாதம் நியூஸ்வீக் இதழ் சோமாலி மாமின் சொந்தக் கதையையும் கேள்விக்குள்ளாக்கியது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆனால் அவருடைய அறக்கட்டளை ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்ததைத் தொடர்ந்து அதே மாதம் பதவி விலகினார், அந்த ஆண்டே அறக்கட்டளையும் மூடப்பட்டது. பழியை ஒருவர் தலையில் போட்டுவிட்டுப் போவது எளிது. அந்தச் சிறுமியின் கதை உண்மையா என்று சரிபார்க்காமல் ஒளிபரப்பியவர்களையும், அதைவிட உருக்கமான கதை இருக்கிறதா என்று பிறகு வரிசையில் நின்றவர்களையும் என்ன சொல்வது? அதற்குப் பிறகு உண்மையாகவே பாதிக்கப்பட்டு வந்து பேசிய பெண்கள் மேல் சந்தேகம் விழுந்தது, அதற்கான விலையை அவர்கள்தான் கொடுத்தார்கள்.

மீட்பு நாடகமும் இதே சந்தையின் சரக்குதான். கதவை உடைத்துக்கொண்டு காவலர்கள் உள்ளே நுழைய, பின்னாலேயே கேமராவும் ஓடுகிறது. பெண்கள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். மீட்கப்படுபவர் முகத்தை மூடுகிறார் என்றால் அந்த இடத்தில் கேமராவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். போதைப்பொருள் மற்றும் குற்றங்களுக்கான ஐ.நா. அலுவலகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்வதோ வேறு மாதிரி: தப்பி வந்தவர்களில் 41 சதவீதம் பேர் தாங்களாகவே அதிகாரிகளை அணுகியவர்கள். தானாகத் தப்பிப்பவர்களைப் பற்றிய படங்களுக்கும் அந்த அளவுக்கு இடம் கிடைக்க வேண்டும். மீட்பில் முடிக்கும் படம் இன்னொன்றையும் மறைத்துவிடுகிறது. காப்பகத்தில் மாதக்கணக்கில் காத்திருப்பது, ஊருக்குத் திரும்பினால் அதே கடன் அங்கேயே நிற்பது, வழக்குக்காக வேலையை விட்டுவிட்டு அலைவது. கதையின் கனமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் 2015இல் இந்தோனேசியாவின் பென்ஜினா என்ற தீவுக் கிராமத்தில், மீன்பிடிக் கப்பல்களில் அடிமைகளாக வேலைவாங்கப்பட்டவர்களைக் கண்டுபிடித்தார்கள். சிலர் கூண்டில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் பிடித்த மீன் எந்தெந்த நிறுவனங்கள் வழியாக அமெரிக்கக் கடைகளுக்குப் போகிறது என்பதையும் செய்தியாளர்கள் பின்தொடர்ந்து உறுதிசெய்தார்கள். ஆனால் உடனே வெளியிடவில்லை. செய்தியில் பெயரும் முகமும் வரப்போகிறவர்களை முதலில் தீவிலிருந்து பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார்கள், பிறகுதான் செய்தியும் காணொலியும் வெளிவந்தன. அந்தத் தொடரின் விளைவாக 2,000க்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள், 2016இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. போட்டிக்காரர் முந்திக்கொள்வாரோ என்ற பயத்தை அடக்கிக்கொண்டு காத்திருந்ததைத்தான் நான் பரிசைவிடப் பெரிதாக எண்ணுவேன்.

படம் பார்த்து என்ன மாறியது?

இதற்குக் கோக்கோவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரையன் வுட்ஸ், கேட் பிளூவெட் இருவரும் 2000இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக எடுத்த ஓர் ஆவணப்படம், ஐவரி கோஸ்ட்டின் கோக்கோ தோட்டங்களில் அடித்து வேலைவாங்கப்பட்ட இளைஞர்களைக் காட்டியது. நாம் சாப்பிடும் சாக்லேட் அங்கிருந்துதான் வருகிறது என்றது. அடுத்த ஆண்டு அமெரிக்கச் செய்தித்தாள்களிலும் தொடர் வந்தது. 2001 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, சாக்லேட்டில் 'அடிமை உழைப்பு இல்லை' என்று முத்திரை குத்தும் முறைக்காக 2,50,000 டாலர் ஒதுக்கும் திருத்தத்தை 291க்கு 115 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. ஒரு வருடத்துக்குள் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து சட்டமன்றம் வரை போய்விட்ட விவகாரம்!

அங்கேதான் திருப்பம். சாக்லேட் நிறுவனங்கள் களத்தில் இறங்கின. முத்திரைச் சட்டம் வரவில்லை. அதற்குப் பதிலாக 2001 செப்டம்பரில் ஹார்கின்-ஏங்கல் நெறிமுறை கையெழுத்தானது. நிறுவனங்கள் தாங்களாக முன்வந்து கொடுத்த வாக்குறுதி அது, மீறினால் தண்டனை கிடையாது. கெடு 2005 ஜூலை. அது 2008க்குப் போனது, பிறகு 2010க்கு, பிறகு 2020க்குள் மோசமான குழந்தை உழைப்பை 70 சதவீதம் குறைப்போம் என்று இலக்கே இளைத்தது. 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் 15.6 லட்சம் குழந்தைகள் கோக்கோ வேலையில் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலானோர் சொந்தக் குடும்பத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், கடத்தப்பட்டவர்கள் சிறு பகுதியே. முதல் படம் காட்டிய காட்சிக்கும் களத்தின் முழு நிலவரத்துக்கும் இருந்த அந்த இடைவெளியும் தீர்வு கோணலானதற்கு ஒரு காரணம். கோக்கோவுக்கு விவசாயிக்குக் கிடைக்கும் விலை பேச்சிலேயே வரவில்லை.

வேகமாக எதிர்வினை கிடைத்த சம்பவமும் உண்டு. 2017 நவம்பரில் லிபியாவில் புலம்பெயர்ந்தவர்கள் ஏலம் விடப்படுவதை சிஎன்என் காட்டியது. பாரிஸில் ஆர்ப்பாட்டம் நடந்தது, ஐ.நா. பாதுகாப்புச் சபை கூடியது, 2018 ஜூனில் ஆறு பேர் மீது தடை விதிக்கப்பட்டது.

படம் நினைத்தது நடந்தும் சிக்கலான கதை ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. மேரி மாஸியோவின் 'ஐ ஆம் ஜேன் டோ' 2017இல் வந்தது. பேக்பேஜ் என்ற விளம்பரத் தளத்தில் விற்கப்பட்ட சிறுமிகளின் தாய்மார்கள் அந்தத் தளத்தின் மேல் போட்ட வழக்குகளைச் சொல்லும் படம். அடுத்த ஆண்டு ஏப்ரலில், இணையதளங்களையும் பொறுப்பாக்கும் ஃபோஸ்டா சட்டம் கையெழுத்தானது. சட்டம் வருவதற்குச் சில நாட்கள் முன்பே, வேறு சட்டங்களின் கீழ், பேக்பேஜ் முடக்கப்பட்டுவிட்டது. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2021இல் பார்த்தபோது, புதிய குற்றப்பிரிவின் கீழ் அதுவரை ஒரே ஒரு வழக்குதான் போடப்பட்டிருந்தது. விளம்பரங்கள் வெளிநாட்டுத் தளங்களுக்கு இடம் மாறியிருந்ததால் ஆதாரம் திரட்டுவதும் கடினமாகியிருந்தது. தங்கள் பாதுகாப்பு குறைந்துவிட்டது என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள் சொல்லின. அந்தத் தாய்மார்களின் கோபம் நியாயமானது, படமும் நேர்மையானது. இருந்தாலும் ஒன்றரை மணி நேரப் படத்தின் வேகத்தில் சட்டம் எழுதினால் இப்படியும் ஆகும்.

பரிதாபம் வராத பாதிக்கப்பட்டவர்

இப்போது படமெடுப்பவர்களுக்கு முன்னால் இருக்கும் கடினமான வேலை, தென்கிழக்கு ஆசியாவின் இணைய மோசடி வளாகங்கள். நல்ல சம்பளம், கணினி வேலை என்று விளம்பரம். போய் இறங்கியதும் பாஸ்போர்ட் பறிமுதல். பிறகு முள்வேலிக்குள் உட்கார்ந்து உலகம் முழுக்க முகம் தெரியாதவர்களைக் காதலிப்பதாகச் சொல்லிப் பணம் பறிக்க வேண்டும், இலக்கை எட்டாவிட்டால் அடி. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. குற்றம் செய்ய வைப்பதற்காகக் கடத்தப்பட்டவர்கள், உலக அளவில், 2016இல் கண்டறியப்பட்டவர்களில் 1 சதவீதம், 2022இல் 8 சதவீதம்.

இவர்களில் பலர் படித்தவர்கள், ஆண்கள், சொந்த விருப்பத்தில் விமானம் ஏறியவர்கள். இவர்களால் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர் இன்னொரு நாட்டில் உட்கார்ந்திருக்கிறார். வயலின் போட்டு இவர்களைக் காட்ட முடியாது. உள்ளேயிருந்து வெளியே வந்த காட்சிகளில் பல, அடைபட்டவர்களே போனில் ஒளித்து எடுத்தவை: நடுங்கும் கை, மேஜைக்கு அடியிலிருந்து பாதித் திரை, யாரோ நெருங்கும் சத்தம், சட்டென்று இருட்டு. இந்தக் காட்சிகளை எடுத்தாளும் இயக்குநர், அது எந்த நாற்காலியிலிருந்து எடுக்கப்பட்டது என்று காவலாளிகள் கண்டுபிடித்துவிடாதபடி ஓரங்களை வெட்ட வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, படம் யார் கண்ணில் படுகிறது என்ற கேள்வி இருக்கிறது. விழாக்களில் கைதட்டுபவர்கள் பெரும்பாலும் கடத்தப்படப் போகிறவர்கள் அல்ல. வேலை தேடிக்கொண்டிருக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு முள்வேலியையும் ரத்தத்தையும் காட்டினால், தன் ஏஜென்ட் நல்ல மனிதர், அப்பாவுக்குத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டு வீடியோவைத் தள்ளிவிடுவான். அவன் மொழியில் மூன்று நிமிடப் படம் ஒன்று, ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டால் தரகர் என்ன சாக்கு சொல்வார், சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம், முன்பணத்துக்கு ரசீது ஏன் தரமாட்டார்கள் என்பதைக் காட்டினால் கொஞ்சம் நின்று பார்க்கக்கூடும். படத்தின் முடிவில் போடும் உதவி எண்ணுக்கு, வெளியீட்டுக்கு முன்பே படக்குழு ஒருமுறை ராத்திரி ஒரு மணிக்கு அழைத்துப் பார்க்கலாம், யாராவது எடுக்கிறார்களா, எடுப்பவருக்கு அந்தப் பையனின் மொழி தெரிகிறதா என்று.